கோப்பில் சேராத வாசகம்

விளம்பர வாசகம் எழுதும் வேலைக்குப் போர்ட்ஃபோலியோ வேண்டுமாம். அதாவது, கேட்காத கம்பெனிக்குக் கூலியில்லாமல் எழுதிய நாலைந்து கற்பனை விளம்பரங்கள். மூணாறு தேயிலைத் தோட்டத்து லயத்துப் பையன் என்ன எழுதிக் கொச்சிக்கு எடுத்துப் போவான்? பனி, பச்சை, கூடையோடு சிரிக்கும் பெண். கொழுந்து கிள்ளும்போது அவன் அம்மா அப்படிச் சிரித்து அவனே பார்த்திருக்க மாட்டான்.

1989இல் முத்ரா விளம்பர ஏஜென்சியின் வால்ட்டர் மென்டிஸ் கேரளத்தைக் 'கடவுளின் சொந்த நாடு' ஆக்கினார். கடவுளுக்குப் பட்டா இருக்கிறது போலும், லயத்துக்காரர்களுக்குத்தான் இல்லை. 2015 செப்டம்பரில் 'பொம்பிளை ஒருமை' என்று அந்த அம்மாக்கள் சாலையில் உட்கார்ந்து தமிழில் முழங்கினார்கள். ஒன்பதே நாள். தோட்டக் கம்பெனி 10 சதவீதமாகக் குறைத்த போனஸ், கருணைத் தொகையோடு சேர்த்து 20 ஆனது. இந்த வேகத்தில் பலன் காட்டிய ஏஜென்சி எது? அந்த முழக்கத்தைக் கோப்பில் வைத்தால் மட்டும், கிளையன்ட் யார் என்று கேட்பார்கள்.