ஒரு டாக்டரின் கீல்வாதம்

தலைப்பைப் பார்த்து ஏதோ மூட்டுவலித் தைலம் விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இது முழங்காலில் வருகிற கீல்வாதம் இல்லை. கதவில் இருக்குமே கீல், அந்தக் கீல். அதற்காக ஒரு டாக்டர் ஊரோடு மல்லுக்கட்டிப் பண்ணிய வாதம். வேறு என்ன பெயர்தான் வைப்பது?

ஆள் பெயர் ஆல்பர்ட் கூம்ஸ் பார்ன்ஸ். ஊர் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா. பிறந்தது 1872. அப்பா கசாப்புத் தொழில் செய்தவர், உள்நாட்டுப் போரில் ஒரு கையைப் பறிகொடுத்தவர். வீட்டில் பணம் மட்டும் இல்லை, மற்றபடி எல்லாக் கஷ்டமும் இருந்தது. பையன் படித்தான். 1892-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியபோது வயது 20. நம் பிள்ளைகள் நீட் கோச்சிங்கில் இரண்டாவது தடவை உட்கார்ந்திருக்கும் வயது! பட்டத்தை வாங்கினார், அவ்வளவுதான். போர்டு மாட்டி, நாடி பிடித்து, ஃபீஸ் வாங்கிப் பிழைக்கிற பக்கமே போகவில்லை. ஃபிலடெல்ஃபியா நோயாளிகளின் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கோபத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

டாக்டர் போனது மருந்துத் தொழிலுக்கு. ஜெர்மனியில் கெமிஸ்ட்ரி படித்தார். ஹெர்மன் ஹில்லே என்ற ஜெர்மன் கெமிஸ்டைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். 1902-ல் வெள்ளியையும் புரோட்டீனையும் கலந்து ‘ஆர்ஜிரால்’ என்று ஒரு கிருமிநாசினி வந்தது. பிறந்த குழந்தைகளின் கண்ணில் இதை விட்டால், தாயிடமிருந்து தொற்றும் கிருமியால் பார்வை போகாது. பெரியவர்களுக்கு அதே கிருமிக்காக வேறு இடத்தில் விட வேண்டியிருந்தது. கொனோரியா என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன், குடும்பத்தோடு படிக்கிறீர்கள்.

ஆக, பின்னால் உலகமே வாய்பிளந்து பார்க்கப்போகிற ஒரு கலைப் பொக்கிஷத்தின் முதலீட்டில் ஒரு பங்கு, ஊர் ஆண்பிள்ளைகள் ராத்திரியில் போன இடத்திலிருந்து வந்தது. சரஸ்வதியும் லட்சுமியும் ஒரே வீட்டில் இருக்க மாட்டார்கள் என்பார்கள். இருந்தார்கள். எப்படி வந்தீர்கள் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கூட்டாளியுடன் சீக்கிரமே முட்டிக்கொண்டது. ஹில்லேயின் பங்கை வாங்கி வெளியே அனுப்பிவிட்டு, 1908-ல் கம்பெனியைத் தன் பெயரிலேயே நடத்தினார். 1929 ஜூலையில் அதைப் பல மில்லியன் டாலருக்கு விற்றார். அக்டோபரில் பங்குச் சந்தை குப்புற விழுந்தது. அப்புறம் ஆன்டிபயாடிக் வந்து ஆர்ஜிராலையே ஓரங்கட்டியது. நாம் நிலத்தை விற்ற மறு மாதமே பக்கத்தில் பைபாஸ் ரோடு வரும். இவருக்கு எல்லாமே தலைகீழ்!

அவருடைய தொழிற்சாலை இன்னொரு அதிசயம். வேலை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். அதில் இரண்டு மணி நேரம் பாட வகுப்பு. பாட்டிலில் மருந்து அடைக்கிற பெண்களும் பாரம் தூக்குகிற ஆண்களும், கறுப்பர் வெள்ளையர் எல்லோருமாக உட்கார்ந்து, வில்லியம் ஜேம்ஸின் தத்துவத்தைப் படித்து விவாதிப்பார்கள். சுவரில் நவீன ஓவியங்கள் தொங்கும். இன்றைக்கு ஐ.டி. கம்பெனியில் மாதம் ஒரு தடவை பீட்சா வாங்கிக்கொடுத்து ‘எம்ப்ளாயீ என்கேஜ்மென்ட்’ என்கிறார்களே, அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். முதலாளியும் சும்மா இல்லை. 45 வயதில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய், தத்துவ அறிஞர் ஜான் டூயியின் வகுப்பில் மாணவராக உட்கார்ந்தார். வாழ்நாளில் அவர் கடைசிவரை சண்டை போடாத மிகச் சிலரில் டூயி ஒருவர். அதற்காகவே டூயிக்குத் தனியாக ஒரு பட்டம் கொடுத்திருக்கலாம்.

படங்களுக்கு வருவோம். பள்ளிக்கூடத் தோழர் வில்லியம் கிளாக்கென்ஸ் ஓவியர். 1912-ல் அவர் கையில் 20,000 டாலரைக் கொடுத்து, பாரிஸுக்குப் போய் நல்ல படமாகப் பார்த்து வாங்கிவா என்று அனுப்பினார். தீபாவளிக்கு ஜவுளி எடுக்க மச்சானை அனுப்புகிற மாதிரி. நண்பர் 33 படங்களோடு வந்தார். வான்கோ, செசான், பிக்காசோ எல்லாம் அந்த மூட்டையில். அதோடு டாக்டருக்குப் பித்து பிடித்தது. அடுத்த தடவை தானே கிளம்பினார். கடைசிக் கணக்கு: ரெனுவார் 181, செசான் 69, மத்தீஸ் 59, பிக்காசோ 46. ரெனுவாரின் பெண்கள் எல்லோருமே கொழுகொழுவென்று ரோஸ் நிறத்தில் இருப்பார்கள். 181 என்பதைக் கலை ஆர்வம் என்று டாக்டர் சொல்வார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

சரி, இத்தனை கோடிக்குச் சொத்து இருக்கிறது. அதைச் சுவரில் எப்படி மாட்டினார்?

அங்கேதான் கீல் வருகிறது.

ஃபிலடெல்ஃபியாவைச் சுற்றியுள்ள கிராமங்களில், 17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஜெர்மனி பக்கத்துக் குடியானவர்கள் வந்து குடியேறினார்கள். ‘பென்சில்வேனியா டச்சு’ என்று அவர்களுக்குப் பெயர். ஹாலந்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ஜெர்மன் பேசுகிறவர்களையும் ‘டச்சு’ என்றுதான் சொன்னார்கள், அது அப்படியே நின்றுவிட்டது. இவர்கள் வீட்டில் எதுவும் சும்மா இருக்காது. கல்யாணமாகும் பெண்ணுக்குச் சீர்ப்பெட்டி செய்தால், அதில் துலிப் பூ, ஜோடிப் பறவை, ஒற்றைக்கொம்புக் குதிரை எல்லாம் வண்ணத்தில் வரைந்து, நடுவில் பெண்ணின் பெயரையும் வருஷத்தையும் எழுதிவிடுவார்கள். நம் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறோமே, அதே புத்திதான். ஓரகத்தி எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்ற கவலைக்கு ஜெர்மனி, தமிழ்நாடு என்ற பேதம் கிடையாது.

கொல்லர்களும் இப்படித்தான். கதவைத் தாங்க ஓர் இரும்புப் பட்டை போதும். ஆனால் அந்தக் கொல்லன் பட்டையின் முனையைச் சூட்டில் பிளந்து, ஒரு பாதியை இடப்பக்கமும் மறுபாதியை வலப்பக்கமும் சுருட்டி, ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி ஆக்கிவிடுவான். அடுப்புச் சட்டுவத்தின் காம்புக்கு ஒரு முறுக்கு, தாழ்ப்பாளுக்கு ஒரு வால். யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. அவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை.

இதையெல்லாம் பார்த்த டாக்டர் சொக்கிப்போனார். கீல், தாழ்ப்பாள், பூட்டு, சாவி, கரண்டி, சட்டுவம் என்று வாங்கித் தள்ளினார். ஐரோப்பிய இரும்பையும் அமெரிக்க இரும்பையும் சேர்த்து 800-க்கும் மேல். நம் வீட்டில் யாராவது இதைச் செய்தால், மனைவி அதை எடைக்குப் போட்டு வெங்காயம் வாங்கியிருப்பாள். (என் தாத்தா வீட்டுக் கதவே அப்படித்தான் போயிற்று. நிலையோடு பெயர்த்துப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட்டு, சித்தப்பா பிளைவுட் கதவு போட்டார். இப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அந்த மாதிரிக் கதவின் விலையைக் கேட்டுவிட்டு, நான் பேசாமல் திரும்பி வருகிறேன்.)

வாங்கியதோடு விட்டாரா? செசானுக்குப் பக்கத்தில் மாட்டினார். சாமி சத்தியம்! நடுவில் பெரிய படம், இருபுறமும் ஜோடியாகச் சின்னப் படங்கள், அவற்றுக்கு மேலே ஆளுக்கொரு கீல், கீழே சீர்ப்பெட்டி, பெட்டியின் மேல் செம்மண் ஜாடி. கல்யாண மேடையில் குத்துவிளக்கு வைக்கிற மாதிரி இந்தப் பக்கம் ஒன்று என்றால் அந்தப் பக்கமும் ஒன்று. மேலே ரெனுவார் பெண்ணின் இடுப்பு எப்படி வளைகிறதோ, பக்கத்துத் தாழ்ப்பாளும் அப்படியே வளையும். ‘இவர் வரைந்தார், இதன் பொருள் இது’ என்று விளக்க அட்டையும் கிடையாது. நீயே பார், நீயே கண்டுபிடி. பெயர் தெரியாத கிராமத்துக் கொல்லனும் செசானும் ஒரே பந்தியில் உட்காரத் தகுந்தவர்கள் என்பது டாக்டரின் கட்சி. படித்த விமர்சகர்கள் இதைக் கிறுக்கு என்றார்கள். எனக்கென்னவோ அந்த மனிதர் வாழ்நாளில் நிதானத்தோடு செய்த ஒரே காரியம் இதுதான் என்று தோன்றுகிறது.

ஏனென்றால் மற்றதெல்லாம் நிதானமே இல்லை. 1923-ல் தன் படங்களில் கொஞ்சத்தை எடுத்துப் போய் ஃபிலடெல்ஃபியாவில் கண்காட்சி வைத்தார். பத்திரிகைகள் காறித் துப்பாத குறை. டாக்டருக்குச் சுருக்கென்றது. 1925-ல் ஊருக்கு வெளியே மெரியானில் தன் மாளிகையைத் திறந்தார். திறந்தார் என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் சாத்தினார்! அது மியூசியம் இல்லையாம், பள்ளிக்கூடமாம். பார்க்க வேண்டுமென்றால் கடிதம் எழுதி அனுமதி கேட்க வேண்டும். பெரிய மனிதர் என்று தெரிந்தால் கதவு இன்னும் இறுகிக்கொள்ளும். இவ்வளவு கீல் வைத்திருந்த ஆள்தான் உலகத்திலேயே அதிகமாகக் கதவடைத்த ஆளும்.

கார் கம்பெனி வால்டர் கிறைஸ்லர் அனுமதி கேட்டார். இல்லாத ஒரு காரியதரிசியின் பெயரில் பதில் போயிற்றாம்: டாக்டர் தங்கமீன் விழுங்குவதில் உலக சாதனைக்கு முயன்றுகொண்டிருக்கிறார், தொந்தரவு செய்ய முடியாது. கவிஞர் டி.எஸ். எலியட்டுக்கும் கதவு திறக்கவில்லை என்பார்கள். சில கடிதங்களில் கையெழுத்துப் போட்டது அவருடைய நாய். பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ் பெற்ற ஜேம்ஸ் மிச்னர் மாணவராக இருந்தபோது, பிட்ஸ்பர்க் இரும்பாலைத் தொழிலாளி என்று பொய் சொல்லி எழுதினார். உடனே வாருங்கள் என்று அழைப்பு! நம் ஊரில் தரிசனத்துக்கு எம்.எல்.ஏ. சிபாரிசுக் கடிதம் வாங்குவோம். அங்கே எம்.எல்.ஏ. கூலிக்காரன் வேஷம் போட வேண்டும்.

நாய் என்றேன் அல்லவா? அது பிரான்ஸின் பிரித்தானி கடற்கரையிலிருந்து வந்தது. பெயர் ஃபிதேல் த போர்-மனேக். ஜமீன் வாரிசு மாதிரி இருக்கிறதா? டாக்டர் 1940-ல் கிராமப்புறத்தில் 18-ஆம் நூற்றாண்டுப் பண்ணை வீடு ஒன்றை வாங்கினார். சீர்ப்பெட்டி, செம்மண் தட்டு, இரும்பு அடுப்புச் சாமான் என்று உள்ளூர்க் கைவினையைக் கொண்டுபோய் நிரப்பினார். அந்த வீட்டுக்குக் ‘கெர்-ஃபேல்’ என்று பெயர் வைத்தார். பிரித்தானி மொழியில் ‘ஃபிதேலின் வீடு’. மனைவி பெயர் லாரா. அருமையான தோட்டக்கலைஞர். அவர் பெயரில் வீடு இல்லை. நான் இதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே விட்டவர்களோடாவது ஒத்துப்போனாரா? ஓவியர் மத்தீஸ் 1930-ல் வந்தபோது, பெரிய ஹாலின் மேல்சுவருக்கு ஒரு சித்திரம் கேட்டார் டாக்டர். மத்தீஸ் பிரான்ஸில் உட்கார்ந்து மாதக்கணக்கில் வரைந்து, முடிகிற நேரத்தில் பார்த்தால் அளவு தப்பு! ரவிக்கை அளவு தப்பினாலாவது பிரித்துத் தைக்கலாம். மனிதர் முதலிலிருந்து வரைந்து 1933-ல் கொண்டுவந்து மாட்டினார். தப்பான அளவுப் படம் இப்போது பாரிஸ் மியூசியத்தில் ராஜ மரியாதையோடு இருக்கிறது.

தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் கதை இன்னும் ருசி. 1940-ல் நியூயார்க்கில் ஒரு கல்லூரி வேலையை, ஒழுக்கங்கெட்டவர் என்று கூச்சல் போட்டு அவருக்குக் கிடைக்காமல் செய்துவிட்டார்கள். கையில் காசில்லை. டாக்டர் ஓடிப்போய் ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டு வேலை கொடுத்தார். கர்ணன்! ஆனால் ரஸ்ஸலின் மனைவி தன்னை ‘லேடி ரஸ்ஸல்’ என்று சொல்லிக்கொண்டார், போதாததற்கு வகுப்பில் உட்கார்ந்து கம்பளி நூல் பின்னினார். டாக்டரின் காதில் அந்த ஊசிச் சத்தம் சம்மட்டியாக விழுந்தது. இரண்டே வருஷத்தில் தத்துவ மேதைக்கு வேலை போயிற்று. ரஸ்ஸல் கோர்ட்டுக்குப் போய் 20,000 டாலர் நஷ்டஈடு வாங்கினார். அங்கே நடத்திய பாடங்களைத்தான் பிறகு மேலைத் தத்துவ வரலாறாக எழுதினார். புத்தகம் சக்கைப்போடு போட்டது. அந்த அம்மாள் பின்னியது என்ன ஆனதென்று யாரும் எழுதிவைக்கவில்லை.

1951 ஜூலை 24. வயது 79. நாய் பெயரிலான வீட்டிலிருந்து நாயோடு காரில் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் ‘நில்’ என்று பலகை. யார் சொல்லி அவர் நின்றிருக்கிறார்? நேரே போனார். லாரி வந்தது. டாக்டர் அந்த இடத்திலேயே போய்விட்டார். ஃபிதேலும் பிழைக்கவில்லை.

போகிற போக்கில் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு குட்டு வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். மெரியான் மாளிகையின் நிர்வாகக் குழுவை நியமிக்கும் அதிகாரத்தின் பெரும்பகுதி லிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரும்படி எழுதிவைத்திருந்தார். கறுப்பின மாணவர்கள் படிக்கிற சின்னப் பல்கலைக்கழகம் அது. தனக்குப் பட்டம் கொடுத்த பணக்காரப் பல்கலைக்கழகத்துக்குப் பட்டை நாமம். ஒரு படத்தையும் விற்காதே, கடன் கொடுக்காதே, இடம் மாற்றாதே என்றும் கட்டளை.

விடுவார்களா? மாளிகையை நடத்தும் டிரஸ்டில் பணமில்லை, படங்களை இடம் மாற்ற வேண்டும் என்று கேஸ் நடந்தது. 2004-ல் நீதிபதி சம்மதித்தார். 2012-ல் எல்லாப் படமும், அவர் ஆயுசு முழுக்கத் திட்டித் தீர்த்த அதே ஃபிலடெல்ஃபியாவின் நடு ரோட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் டாக்டருக்குப் பயந்தார்களோ என்னவோ, மெரியான் அறைகளை அதே அளவில் அப்படியே கட்டி, எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தக் கீல் இருந்ததோ அங்கேயே டேப் பிடித்து அளந்து மாட்டியிருக்கிறார்கள். மத்தீஸுக்கு ஆன கதி தங்களுக்கும் ஆகிவிடக் கூடாதே!

இப்போது டிக்கெட் எடுத்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். ஆன்லைனிலும் கிடைக்கிறது. நாய் கையெழுத்துப் போட்ட பதில் மட்டும் வராது.