வெறுமனே திரும்பாத பெட்டி

கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பொங்கல்படி கொண்டுபோகிற வழக்கம் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் இன்னும் இருக்கிறது. பச்சரிசியும் வெல்லமும் பனங்கிழங்குக் கட்டும் மஞ்சள் குலையும் கரும்பும் இன்றைக்கும் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருக்கின்றன, ஆனால் அவை எதில் வைத்துப் போகின்றன என்று பார்த்தால்தான் காலம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பது தெரிகிறது. நான் சின்னப் பையனாக இருந்தபோது அரிசி கடகப்பெட்டியில் போகும், பலகாரம் மூடி போட்ட ஓலைப்பெட்டியில் போகும், நெய் தூக்குவாளியில் போகும், காய்கறியைத் தாத்தா தன் தோள்துண்டை விரித்து நாலு முனையையும் முடிந்து எடுத்துக்கொள்வார். சமீபத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்த படி, காரின் டிக்கியிலிருந்து அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக இறங்கியது. ஒவ்வொன்றும் அழகான பெட்டி, கண்ணாடித்தாள் ஜன்னல் வைத்து, ரிப்பன் கட்டி. கரும்பு மட்டும் அன்றுபோலவே எதிலும் அடங்காமல் வண்டிக் கூரைமேல் படுத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்ததும் பழைய சொந்தக்காரரைப் பார்த்ததுபோல எனக்கு ஒரு சந்தோஷம்.

அந்த ஓலைப்பெட்டியைவிட நன்றாக யோசித்துச் செய்த பரிசுப்பெட்டியை நான் பிறகு எந்த ஊரிலும் பார்க்கவில்லை. குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்துக்கு வகிர்ந்து, பாதியைச் சாயத்தில் முக்கியெடுத்து, முடையும்போது லேசாக நனைத்துப் பதமாக்கிக்கொண்டு ஆச்சிமார் திண்ணையில் உட்காருவார்கள். மூடி அடிப்பெட்டியைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும். பலகாரம் குறைவாக இருந்தால் மூடி கீழேவரை இறங்கி உட்கார்ந்துகொள்ளும், கூடுதலாக இருந்தால் மேலேறி நிற்கும். இரண்டிலுமே பார்க்கிறவர் கண்ணுக்கு அது நிறைந்த பெட்டிதான், கொடுக்கிறவரின் கையிருப்பு என்ன என்று அது யாருக்கும் சொல்லாது. ஓலைக்கு நடுவே காற்றுப் போகும் என்பதால் சூடு ஆறாமல் வைத்த முறுக்கும் வேர்த்து நமுத்துப்போகாது. வேலை முடிந்ததும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி மச்சில் ஏற்றிவிடலாம். செட்டிநாட்டில் கொட்டான் என்று இதையே இன்னும் நுணுக்கமாக முடைந்து, மேலே வேலைப்பாடு செய்த உறை போட்டுக் கல்யாணச் சீருக்கு வைத்தார்கள். நடுவில் மறைந்துபோகிற நிலைக்குப் போன அந்தக் கைவேலையை மீட்டெடுத்தார்கள், இன்றைக்கு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

முடைச்சல் பெட்டியின் பாதி அழகுதான். மறுபாதி, அது திரும்பிப் போகவேண்டும் என்கிற ஏற்பாட்டில் இருந்தது. பலகாரத்தைத் தட்டில் கொட்டிக்கொண்ட பிறகு அத்தை, "குடு மைனி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கையை நீட்டுவாள். அம்மாவோ, "செத்த இருங்க, பெட்டிய வெறுமனே கொண்டுபோகப்பிடாது" என்று அடுக்களைக்குள் ஓடுவாள். ஒன்றும் இல்லாத நாளிலும் ஒரு கைப்பிடி அரிசி, நாலு வெற்றிலை, ஒரு கருப்பட்டித் துண்டு, ஏதாவது ஒன்று பெட்டிக்குள் விழும். அந்த ஒரு கைப்பிடிக்குப் பதிலாக அங்கிருந்து கொல்லையில் காய்த்த முருங்கைக்காய் வரும், பெட்டி அப்படியே வருஷம் முழுக்க இரண்டு வீட்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கும். தூக்குவாளி இதிலும் ஒரு படி மேல். பாத்திரக்கடையில் வாங்கும்போதே சின்ன மிஷினால் விளிம்பில் பெயர் வெட்டித் தருவார்கள், எந்த வீட்டு விசேஷத்தில் எந்த மூலையில் கிடந்தாலும் அது தன் வீட்டுக்கு வழி தெரிந்த பாத்திரம். உங்கள் வீட்டு அலமாரியின் அடித்தட்டில் தேடிப் பாருங்கள், தாத்தா பாட்டியின் இரண்டு எழுத்தும் ஒரு தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டிய சம்படம் ஒன்றாவது அகப்படும்.

பையின் கதை பெட்டிக்கு அடுத்து வருவது, ஆனால் என் மனசுக்கு அதுதான் இன்னும் நெருக்கம். கல்யாணத்தில் சாப்பிட்டுக் கிளம்பும்போது தேங்காயும் வெற்றிலைப் பாக்கும் மஞ்சள் குங்குமமும் போட்டுக் கையில் தரும் மஞ்சப்பை, அந்த ஒரு ராத்திரிக்காகத் தைக்கப்பட்டதே இல்லை. அது வீட்டுக்கு வந்ததும் தேங்காயை இறக்கிவைத்துவிட்டு மறுநாள் காலையே சந்தைக்குக் கிளம்பிவிடும். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் சுமக்கும், தாலுகா ஆபீசுக்குப் பட்டாவும் மனுவும் சுமக்கும், காது அறுந்தால் பழைய வேட்டிக் கரையில் புதுக் காது தைத்துக்கொள்ளும், கடைசியில் கைப்பிடித்துணியாகி அடுப்பங்கரையில் ஓய்வுபெறும். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் போடுகிற நாளில் ஆள் நிற்பதற்குப் பதிலாகப் பையை வரிசையில் வைத்துவிட்டு எல்லோரும் வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். நான் அந்தப் பைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போவேன், இன்னாருக்கும் இன்னாருக்கும் இந்த மண்டபத்தில் இந்தத் தேதியில் என்று. அவர்களில் சிலருக்கு அதற்குள் பிள்ளைகள் பிறந்து என் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தார்கள். பையைப் பார்த்துவிட்டு, "இது யாரு கல்யாணத்துப் பை, நம்ம கடையநல்லூர்க்காரங்களா?" என்று ஒருவர் கேட்டால் போதும், மண்ணெண்ணெய் வண்டி வருகிறவரைக்கும் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

வாலிபம் வந்தபோது எனக்கும் என் கூட்டாளிகளுக்கும் மஞ்சப்பை பட்டிக்காட்டின் அடையாளமாகிவிட்டது. சென்னைக்கு ரயில் ஏறுகிறவன் கையில் அது இருந்தால் ஊரே சிரிக்கும் என்று நினைத்த வயது அது, அந்த வயதுக்கு அப்படித்தான் நினைக்கத் தெரியும். துபாயிலிருந்து வந்த பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு பிளாஸ்டிக் பையில் சென்ட் பாட்டிலும் சோப்பும் போட்டுக் கொடுத்தார். சோப்பு கரைந்து வெகுகாலம் ஆன பிறகும் அந்தப் பை எங்கள் வீட்டில் இருந்தது, கசங்காமல் இருக்க மெத்தைக்கு அடியில் விரித்து வைத்து, நல்ல நாளில் மட்டும் எடுத்துக்கொண்டு போவோம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது: நாங்கள் பிளாஸ்டிக்கையும் மஞ்சப்பையைப்போலத்தான் முதலில் நடத்தினோம். வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தவரை அதுவும் திரும்பத் திரும்ப உழைத்தது. ஜவுளிக்கடைக் கட்டைப்பை பொருள் என்னவாக இருந்தாலும் இன்றுவரை எந்த வீட்டிலும் குப்பைக்குப் போவதில்லை, ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோவதிலிருந்து பழநிக்குத் துணிமணி கொண்டுபோவது வரை அதற்கு வேலை இருக்கிறது. கடைக்குக் கடை, சாமானுக்குச் சாமான், கொத்துமல்லிக் கட்டுக்கும் ஒரு கவர் என்று இலவசமாய்ப் பெருகிய அன்றைக்குத்தான் பை என்பது தூக்கியெறிகிற சாமானாயிற்று.

அப்புறம் ஜிகினாத்தாள் காலம். லெமன் செட்டும் சுவர்க் கடிகாரமும் ஹாட்பாக்ஸும் பளபளக்கிற தாளுக்குள் புகுந்து, மேலே ஒட்டுகிற ரிப்பன் பூவோடு மேடைக்கு வந்தன. கல்யாணம் முடிந்த மறுநாள் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பிரிப்போம், அந்தக் குதூகலத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், கல்யாணத்தைவிட அதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய திருவிழா. ஆனால் அம்மா ஒரு பேனாக்கத்தியை வைத்துக்கொண்டு செலோடேப்பை நுனியிலிருந்து உரித்து, தாள் கிழியாமல் எடுத்து, மடிப்பை நீவிவிட்டு அடுக்குவாள். அது எங்கள் நோட்டுக்கு அட்டையாகும், அலமாரித் தட்டில் விரிப்பாகும். பின்னாளில் வந்த தாளில் பாதி, தாளே இல்லை. உலோகப் பூச்சுப் பூசிய பிளாஸ்டிக் படலம். கையில் கசக்கினால் கசங்கி நிற்காமல் மறுபடி விரிந்துகொள்ளும், அதுதான் அடையாளம். நோட்டுக்கு அட்டை போட்டால் மடிப்பு நிற்காமல் வழுக்கியது, பழைய பேப்பர்க்காரரும் வேண்டாம் என்றார், அம்மாவின் கத்திக்கு வேலையில்லாமல் போயிற்று.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. துணிபோலவே தோற்றம் காட்டுகிற, உண்மையில் பாலிபுரோப்பிலீனால் ஆன நெய்யாத பையும் அந்தத் தடைப்பட்டியலில் இருந்ததைப் பார்த்தபோது நான் மனசாரச் சந்தோஷப்பட்டேன்; ஏனென்றால் கல்யாண மண்டபங்களில் மஞ்சப்பையின் இடத்தைப் பிடித்திருந்தது அதுதான், மூன்று மாதம் வெயிலில் கிடந்தால் பொடிப்பொடியாக உதிர்ந்து வாசலெல்லாம் ஒட்டும். 2021 டிசம்பர் 23 அன்று மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தை அரசு தொடங்கியது. மறு வருஷம் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தருகிற எந்திரமே வந்துவிட்டது. எந்தப் பையைக் கையில் வைத்துக்கொள்ள என் தலைமுறை கூச்சப்பட்டதோ அதையே காசு போட்டு எந்திரத்திலிருந்து எடுக்கிற இளைஞர்களைப் பார்க்கும்போது, முன்னேற்றம் சில சமயம் ஊரைச் சுற்றிக்கொண்டு பழைய வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது என்று சிரித்துக்கொண்டேன்.

ஆனாலும் ஒரு கவலை விடவில்லை. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை 2018 இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு சாதாரணப் பருத்திப் பை கடையில் தருகிற பிளாஸ்டிக் பையோடு பருவநிலைக் கணக்கில் மட்டும் சமமாவதற்கே குறைந்தது 52 தடவை பயன்பட வேண்டும் என்றது. பருத்திக்கு ஆகிற தண்ணீர், உரம் முதலான மற்ற பாதிப்புகளில் ஒன்றையும் விடாமல் எடுத்துக்கொண்டால் 7,100 தடவை. பட்டாவும் மனுவும் சுமந்து காது மாற்றித் தைத்துக்கொண்ட பழைய மஞ்சப்பை அந்தக் கணக்குக்குப் பக்கத்திலாவது போயிருக்கும். இன்றைக்கு ஒரு முகூர்த்த நாளில் மூன்று கல்யாணத்துக்குப் போய் மூன்று புதுத் துணிப்பையோடு திரும்பி, அவற்றைப் பீரோவுக்கு மேலே எறிந்துவிட்டு, மறுநாள் காய்கறிக்காரரிடம் "கவர் இருக்கா?" என்று கேட்கிறோமே, அந்தத் துணிப்பையும் ஒருமுறை பயன்படுத்துகிற சாமான்தான். துணியா பிளாஸ்டிக்கா என்று மட்டும் பார்ப்பது போதாது. அது மறுபடி கையில் ஏறுமா என்று பார்க்கவேண்டும்.

ஜப்பானில் ஃபுரோஷிகி என்று ஒரு சதுரத் துணி உண்டு. புட்டியோ புத்தகமோ பூசணியோ எதுவானாலும் முனைகளை முடிந்து கட்டிப் பரிசாகக் கொண்டுபோவார்கள்; முறைப்படி என்றால் பரிசை எடுத்துக் கொடுத்துவிட்டுத் துணியை மடித்துத் தன் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார்கள். 2006 இல் அந்த நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யூரிகோ கொய்கே, பழைய பெட் பாட்டிலிலிருந்து செய்த நூலால் நெய்த ஃபுரோஷிகியைக் காட்டி, பழைய பழக்கத்துக்குத் திரும்பும்படி தன் மக்களைக் கேட்டுக்கொண்டார். அதைப் படித்தபோது எனக்கு என் தாத்தாவின் தோள்துண்டு ஞாபகம் வந்தது. அதற்கும் தையல் கிடையாது, காது கிடையாது. போகும்போது தலைப்பாகை, வரும்போது மூட்டை.

இப்போது தங்கச்சி மகளுக்குத் தையில் கல்யாணம். தாம்பூலப் பை என் பொறுப்பு என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பரிசே வேண்டாம், மொய் மட்டும் போதும் என்கிற காலம் வந்துவிட்டது. 2021 இல் மதுரையில் ஒரு கல்யாண வீட்டார் மொய் செலுத்த அழைப்பிதழிலேயே கியூஆர் கோடு அச்சிட்டார்கள், அதற்குத் தாளும் தேவையில்லை, ரிப்பனும் தேவையில்லை, ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய கவரும் தேவையில்லை. வருகிறவர் கையில் நாம் தருகிற பை ஒன்றுதான் இனிமேல் கைக்குக் கை போகப்போகிறது, அதனால் அது சரியாக இருக்கவேண்டும். எங்கள் ஊர்த் தையற்காரரோடு உட்கார்ந்து மாதிரி தைத்துப் பார்த்தோம். ஈரோட்டுக் காடாத் துணி. அடியில் நாலு விரல் அகலத்துக்குப் பட்டை, அப்போதுதான் தேங்காய் சாயாமல் உட்காரும். பழைய பைக்கு இந்தப் பட்டை கிடையாது, தேங்காய் ஒரு பக்கமாக இழுத்து முழங்காலில் இடித்துக்கொண்டே வரும். காது தோளில் மாட்டுகிற நீளம், அடியில் சதுரமாகத் தைத்து அதற்குள் பெருக்கல் குறியாக இரண்டு தையல். வாயில் சுருக்குக் கயிறு. உள்ளே ஒரு சின்னப் பாக்கெட்; அன்றைக்கு ஈர வெற்றிலை குங்குமப் பொட்டலத்தில் படாமல் தனியே இருக்க, அப்புறம் பையையே அதற்குள் மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ள.

வெளியே பெயர் அச்சிட வேண்டாம் என்றேன். இன்னொரு வீட்டுக் கல்யாணப் பையோடு ஆபீசுக்கோ அடுத்த விசேஷத்துக்கோ போக இந்தக் காலத்துப் பிள்ளைகள் தயங்குகிறார்கள், அதனால்தான் நல்ல பைகளும் பீரோவுக்கு மேலே போகின்றன. மருமகள் ஒத்துக்கொள்ளவில்லை. "பேரே இல்லாம எப்படி மாமா? யாரு கல்யாணத்துப் பைன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். எனக்கும் ரேஷன் கடை வரிசை கண்ணுக்கு முன்னால் வந்தது, அவள் கேட்பதிலும் நியாயம் இருந்தது. வெகுநேரம் பேசிக் கடைசியில் உள்பக்கம், பாக்கெட்டுக்கு மேலே, இரண்டு பெயரும் தேதியும் சின்ன எழுத்தில் என்று முடிவாயிற்று. தைத்த பிறகு உள்பக்கம் அச்சு விழாது, துணியை வெட்டியதுமே அச்சகத்துக்குப் போய்வந்தாகவேண்டும், அப்படியானால் கார்த்திகைக்குள் துணி வந்து சேரவேண்டும் என்று தையற்காரர் சொல்லிவிட்டார். நாளைக்கு ஈரோட்டுக்குப் பேசவேண்டும்.