பொடிக் குண்டு, பெரிய மவுசு

கேள்வி: பழைய .22 ரிவால்வர்களை அமெரிக்கர்கள் தேடித்தேடிச் சேர்க்கிறார்களே! அந்தப் பொடித் துப்பாக்கியில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: பொடி என்பது குண்டுதான், துப்பாக்கி அல்ல! ருசியே அங்கேதான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1930-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த கே-22 ரிவால்வரைப் பாருங்கள். .38 குண்டுக்கென்று செய்த கனத்த உடம்பு. உள்ளே போவதோ 5.6 மில்லிமீட்டர் குண்டு. யானைமேல் எறும்பு ஏறின மாதிரி! சுட்டால் கை உதறாது, குண்டும் மலிவு. குறிபார்த்துப் பழக இதைவிட என்ன வேண்டும்?

1940-ல் இரண்டாம் வகை வந்தது. சுத்தியல் கொஞ்ச தூரமே நகர்ந்து சட்டென்று அடிக்கும். பின்பக்கக் குறியை, திருகைத் திருப்பி மயிரிழை மயிரிழையாக நகர்த்தலாம். ஆயிரத்துச் சொச்சம் செய்வதற்குள் உலகப்போர் வேலை வந்து தயாரிப்பு நின்றுபோயிற்று. கிராக்கிக்குக் கேட்கவா வேண்டும்!

வாங்குகிறவர்கள் முதலில் வலப்பக்கக் கைப்பிடிக் கட்டையைக் கழற்றி உள்பக்கம் பார்ப்பார்கள். துப்பாக்கியின் வரிசை எண்ணே அங்கும் இருந்தால், பிறந்த வீட்டுச் சீதனம் கைமாறவில்லை என்று அர்த்தம். அடுத்து, குழலில் பொறித்த எழுத்துகள். ஓரம் மழுங்கியிருந்தால் யாரோ தேய்த்துப் புது நீல மெருகு ஏற்றியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், பளபளக்கும் புது மெருகைவிட உறையில் உரசி வெளுத்த பழைய நீலமே அழகு. விலையும் அதற்குத்தான் அதிகம்.