கள்ளிப்புறாவும் ஏர்கன்னும்

கேள்வி: அமெரிக்காவில் புறாவை ஏர்கன்னால் சுட்டுச் சமைக்கிறார்களாமே, பாவமில்லையா?

பதில்: சுடப்படுவது நம்மூர் மின்கம்பியில் உட்கார்ந்து கூவுகிற அதே கள்ளிப்புறாதான். 1970-களில் பஹாமாஸில் கூண்டிலிருந்து தப்பியது, 1980-களில் புளோரிடாவில் இறங்கி, பிறகு மேற்குக் கரை வரை குடியேறிவிட்டது. பாஸ்போர்ட் கேட்க ஆளில்லையே! வந்தேறி என்பதால் டெக்சாஸில் இதற்கு வேட்டைப் பருவமும் கிடையாது, எண்ணிக்கை வரம்பும் கிடையாது. உரிமம் மட்டும் வேண்டும்.

எனக்குக் கவலை, பக்கத்துக் கம்பியில் இருக்கும் 'மோர்னிங் டவ்' பற்றித்தான். அது அந்த மண்ணின் புறா. கூட்டாட்சிச் சட்டத்தின் காவலில் இருப்பது. வேட்டைப் பருவத்திலும் அதை ரைஃபிளால் சுடத் தடை. பிடரியில் கறுப்புப் பட்டையும் சதுர வாலும் இருந்தால் கள்ளிப்புறா. வால் கூராக இருந்தால் விசையிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும்.

அடையாளம் பார்த்துச் சுட்டு, சுட்டதை வீணாக்காமல் உண்பவரைப் பாவி என்று நான் சொல்லமாட்டேன். கறியில் ஈயத் துணுக்கு தங்காமல் பார்த்துக்கொள்ளட்டும், அது நஞ்சு.

நீங்கள் இங்கே ஏர்கன்னைத் தூக்கிவிடாதீர்கள். இந்தியாவில் கள்ளிப்புறா மண்ணின் மைந்தன். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம்.