பிரபுவே, வரும்போது பனியையும் கொண்டுவாருங்கள்

பெருமதிப்பிற்குரிய நிக்கொலாய் பெத்ரோவிச் ஷெரமேத்யெவ் பிரபு அவர்களுக்கு, தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட மாடம்பாக்கத்திலிருந்து எழுதிக்கொள்வது.

நீங்கள் 1809ல் காலமாகிவிட்டீர்கள் என்பது தெரியும். அதனால் பாதகமில்லை. காதலித்தவனுக்கு அறிவுரை சொல்ல அவன் உயிரோடு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கள் ஊரில் கிடையாது. பெரும்பாலும் காலமான பிறகுதான் சொல்வோம்.

உங்கள் கதை எங்கள் பக்கத்தில் நன்றாக எடுபடும். ஜார் காலத்து ருஷ்யா. ஏறத்தாழ இரண்டு லட்சம் பண்ணையடிமைகளுக்குச் சொந்தக்காரர் நீங்கள். உங்கள் பண்ணையிலேயே ஓர் அடிமைக் கொல்லனுக்கு 1768ல் பிறந்தவள் பிரஸ்கோவ்யா. ஏழெட்டு வயதில் அவளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்துக் கூட்டிவந்து, குஸ்கோவா மாளிகையில் பாட்டும் பிறமொழிகளும் சொல்லிக்கொடுத்து, முத்து என்று பொருள்படும்படி ஜெம்சுகோவா என்று மேடைப் பெயர் சூட்டி, உங்கள் சொந்த நாடக அரங்கில் பாடவிட்டீர்கள். மகாராணி காதரீனே வந்து கேட்டு மயங்கி வைர மோதிரம் கொடுத்தாள். 1798ல் அவளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதினீர்கள். 1801 நவம்பரில் மாஸ்கோ தேவாலயம் ஒன்றில் நாலைந்து பேருக்கு மட்டும் தெரியக் கைப்பிடித்தீர்கள். 1803 பிப்ரவரியில் மகன் பிறந்த மூன்றாம் வாரம், காசநோய் தின்ற உடம்போடு அவள் போய்ச் சேர்ந்தாள். இவள் என் மனைவி என்று அதற்கப்புறம்தான் ஊருக்குச் சொன்னீர்கள். பீட்டர்ஸ்பர்க் சீமான்கள் இழவுக்குக்கூடத் தலைகாட்டவில்லை.

இதை எங்கள் அடுக்ககத்தில் யாரிடம் சொன்னாலும் கண் கலங்கும். வேலைக்கு வரும் அம்மா இன்னொரு லிப்டில்தான் ஏற வேண்டும் என்று கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றும் அதே கண்கள்தான். தாராளமாகக் கலங்கும்.

ருஷ்யா எங்களுக்கு அந்நியமுமில்லை. மாஸ்கோவில் தமிழிலேயே அச்சடித்து அனுப்பிய கெட்டி அட்டைப் புத்தகங்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சல்லிசான விலைக்கு விற்று ஒரு தலைமுறையையே வளர்த்தது. அத்தை வீட்டில் வளர்ந்த ஏழைப் பெண்ணைக் கெடுத்துவிட்டுப் பிறகு மனம் நொந்து சைபீரியா வரை அவள் பின்னாலேயே போகிற பிரபுவை 'புத்துயிர்ப்பு' நாவலில் படித்து உருகினோம். 'வெண்ணிற இரவுகள்' எங்கள் கடற்கரைக்கு வந்து 2003ல் 'இயற்கை' என்ற படமாகித் தேசிய விருதும் வாங்கியது. பிள்ளைகளுக்கு லெனின், ஸ்டாலின், டால்ஸ்டாய் என்று பெயர் வைத்தோம். பெயரோடு சரி. பெண் கேட்டு வந்தால், "டால்ஸ்டாய் என்ன ஆளுங்க?" என்று தரகரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்துவிடுவோம்.

சூட்சுமம் பனியில் இருக்கிறது பிரபுவே. பனி கொட்டி, சறுக்குவண்டி ஓடி, கம்பளிக்குள் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தால், அது காவியக் காதல். எங்கள் ஊரில் மார்கழியில் 20 டிகிரிக்கு இறங்கினாலே குரங்குக் குல்லாவோடுதான் தேனுபுரீஸ்வரர் கோயிலுக்குப் போவோம்; மற்ற மாதமெல்லாம் வேர்வை. வேர்த்து ஒழுக, கேம்ப் ரோடு சிக்னலில் ஒரே பைக்கில் நிற்கிற காதலைப் பார்த்தால் எங்களுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் வீட்டுப் பெண், எந்தப் பக்கத்துப் பையன், வீட்டுக்குத் தெரியுமா என்று பச்சை விழுவதற்குள் போன் போய்விடும்.

உங்கள் கதையில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று உண்டு. கல்யாணத்தை நியாயப்படுத்த வக்கீல்களை வைத்துப் பழைய ஆவணங்களைக் குடைந்து, பிரஸ்கோவ்யாவின் கொல்லப் பரம்பரை உண்மையில் கோவலெவ்ஸ்கி என்ற போலந்துப் பிரபுவின் வழிவந்தது என்று ஒரு வம்சாவளியை ஜோடித்தீர்களே, அந்த இடம். எத்தனை வெகுளி நீங்கள்! காகிதத்தைக் காட்டினால் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்பியிருக்கிறீர்கள். எங்களிடம் அது செல்லாது. நாங்கள் மூன்றே கேள்வி கேட்போம். எந்த ஊரு? ஊருல எந்தத் தெரு? தெருவுல எந்தப் பக்கம்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வருவதற்குள் எதிராளியின் குரல் இறங்குவதைவைத்தே எழுதி முடித்துவிடுவோம். போலந்துப் பிரபுவாவது, புண்ணாக்காவது.

எங்கள் மணமக்கள் விளம்பரங்களைப் படித்தால் இந்தக் கலையில் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறோம் என்று விளங்கும். முதலில் சாதி, அப்புறம் உட்பிரிவு, நட்சத்திரம், உயரம், சம்பளம். பரந்த மனசுக்காரர்கள் 'சாதி தடையில்லை' என்று போடுவார்கள். பக்கத்திலேயே ஓர் அடைப்புக்குறி: எஸ்.சி., எஸ்.டி. தவிர. பரந்த மனசுக்கும் காம்பவுண்டுச் சுவர் வேண்டாமா?

"இப்பல்லாம் யார் சார் சாதி பாக்கறா, ஸ்டேட்டஸ்தான்" என்று காலை நடையில் மாடம்பாக்கம் ஏரியைச் சுற்றுகிறவர்கள் சொல்வார்கள். கேட்க நாகரிகமாக இருக்கும். உங்கள் பிரஸ்கோவ்யா பாட்டுக் கற்றுக்கொண்டாள், வைர மோதிரம் வந்தது. எங்கள் ஊர்த் தலித் பையன்களும் கற்றார்கள். விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டை முருகேசன் கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். 2003 ஜூலை 8 அன்று அவருக்கும் அவர் மணந்த கண்ணகிக்கும் ஊர் பார்க்க விஷம் புகட்டிக் கொன்று எரித்தார்கள். உடுமலைப்பேட்டை சங்கர் இன்ஜினீயரிங் மாணவர். 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில், பேருந்து நிலையத்துக்கு அருகில், கேமரா பார்த்துக்கொண்டிருக்க, மனைவி கௌசல்யாவின் கண்ணெதிரே வெட்டப்பட்டார். தூத்துக்குடி மாவட்டத்துக் கவின் ஐ.டி. கம்பெனியில் கைநிறையச் சம்பளம் வாங்கியவர். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கொல்லப்பட்டார். முதலில் கைதானது அவர் காதலித்த பெண்ணின் தம்பி; பெண்ணின் தாய் தந்தை இருவருமே அப்போது காவல்துறை உதவி ஆய்வாளர்கள். ஸ்டேட்டஸ் போதவில்லையா? இன்னும் எத்தனை லட்சம் சம்பளம் வாங்கினால் அரிவாள் இறங்காது என்று ஒரு தொகையைச் சொல்லித் தொலையுங்கள், பிள்ளைகள் அதற்கும் சேர்த்துப் படிப்பார்கள்.

உங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நீங்கள் காதலித்தது நாடகக்காரியை. இந்த ஊரில் 'நாடகக் காதல்' என்பது அரசியல் குற்றச்சாட்டு. 2012ல் பாட்டாளி மக்கள் கட்சி நிறுவனர் ராமதாஸ், தலித் பையன்கள் ஜீன்ஸ், டி-சர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள் என்று மேடை மேடையாகக் குற்றப்பத்திரிகை வாசித்தார். அதே ஆண்டு நவம்பர் 7ல் தருமபுரி நத்தம் காலனியும் பக்கத்துக் குடியிருப்புகளும் எரிந்தன. காரணம், இளவரசனும் திவ்யாவும் செய்துகொண்ட கல்யாணம். அடுத்த ஜூலையில் இளவரசன் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தார். நீங்கள் உங்கள் சரிகைக் கோட்டோடு வந்தால் ஒருவேளை தப்பிக்கலாம். கூலிங் கிளாஸை மட்டும் கழற்றிவிடுங்கள்.

கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞர் காதலித்தார் என்றுகூடச் சொல்வதற்கில்லை. 2015 ஜூனில் உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பேசிய இடம் திருச்செங்கோடு மலைக்கோயில். அங்கே உள்ள சாமி அர்த்தநாரீஸ்வரர். ஆண் பாதி, பெண் பாதி, ஒரே உடம்பு. அந்தச் சந்நிதியிலிருந்துதான் பையனைக் கடத்திக்கொண்டு போய்க் கொன்றார்கள். சாமி எந்தச் சாதிச் சங்கத்திடமும் அனுமதி வாங்கியதாகத் தெரியவில்லை. பழைய கோயில், தப்பித்துக்கொண்டது.

உங்களை ஒரேயடியாகத் தூக்கிவைக்கவும் எனக்கு மனமில்லை பிரபுவே. எஜமான் ஆசைப்பட்டால் அடிமைப் பெண் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அவள் மனசில் என்ன இருந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஒருத்திக்கு விடுதலைப் பத்திரம் எழுதிய கைக்குக் கீழே லட்சக்கணக்கானோர் அடிமைகளாகவே கிடந்தார்கள். அதையெல்லாம் வைத்துப் பார்த்தால் நீங்கள் காதலர்களின் காவல்தெய்வமும் அல்ல, ஒன்றும் அல்ல.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. நீங்கள் பயந்து ஒளிந்து கட்டிய தாலியை ஜார் அலெக்சாண்டர் ஏற்றுக்கொண்டார், மகனை வாரிசு என்று ஒப்புக்கொண்டார். ஓட்டு வாங்கி வந்தவரல்ல அவர், சர்வாதிகாரி. உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள், சொத்துக் கைவிட்டுப்போனதே என்று கறுவினார்கள். அரிவாளோடு வரவில்லை. ஓர் அடிமைச் சமூகத்தின் பிரபுக்களிடம் இருந்த அந்த அற்பக் கூச்சம்கூட, அரசியல் சட்டம் எழுதி வைத்துக்கொண்டிருக்கிற எங்களிடம் இல்லை. உங்கள் கல்யாணம் முடிந்து அறுபதாவது ஆண்டில், 1861ல், ருஷ்யாவில் பண்ணையடிமை முறையே ஒழிந்தது. இங்கே கண்ணகி-முருகேசன் வழக்கில் முதல் தீர்ப்பு வருவதற்கே 18 ஆண்டுகள் பிடித்தன. குற்றவாளிகள் பட்டியலில் காவல் அதிகாரிகளும் இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தபோது 2025 ஏப்ரல் ஆகிவிட்டது.

இதெல்லாம் கடலூர், தருமபுரி, நெல்லை விவகாரம், நாம் சென்னைக்காரர்கள் என்று இங்கே சிலருக்கு நினைப்பு. ராஜகீழ்ப்பாக்கம் வந்து, செம்பாக்கம், மேடவாக்கம் தாண்டினால் பள்ளிக்கரணை. 2024 பிப்ரவரியில் அங்கே, வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்து சில மாதங்களே ஆன தலித் இளைஞர் ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். பெண்ணின் அண்ணனும் கூட்டாளிகளும் கைதானார்கள். இரண்டு மாதத்துக்குள் அந்தப் பெண்ணும் இறந்துபோனாள். எங்கள் பகுதியின் வாட்ஸாப்புக் குழுக்களில் அந்த வாரம் காரசாரமாக ஓடியது தண்ணீர் லாரிப் பிரச்சினை. கொலையைப் பற்றி யாரோ ஒருவர் போட்ட செய்திக்கு, "அரசியல் வேண்டாம் ப்ளீஸ்" என்று இரண்டு கைகூப்பிய பொம்மைகளோடு பதில் வந்தது.

அரசாங்கத்தைக் குறை சொல்ல முடியாது. கலப்புத் திருமணம் செய்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் 8 கிராம் தங்கக் காசும், பட்டதாரி என்றால் 50,000 ரூபாயும் உண்டு. தாலிக்குத் தங்கம் அரசு தரும். அதைக் கட்டிக்கொள்ளக் கழுத்தை மீதம் வைத்துக்கொள்வது பயனாளியின் பொறுப்பு. 2018ல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் தனிப்பிரிவு, 24 மணி நேர உதவி எண், பாதுகாப்பு இல்லம் என்றெல்லாம் உத்தரவிட்டது. ஓடிவந்த ஜோடிக்குப் பெரும்பாலும் கிடைப்பது, "அப்பா அம்மாவ வரச்சொல்லியிருக்கோம், உக்காருங்க" என்ற உபசாரம். தனிச்சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2012லேயே மசோதாவும் எழுதிக் கொடுத்தது. 13 ஆண்டுகள் கழித்து, கவின் செத்த பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் தமிழக அரசு ஓர் ஆணையம் அறிவித்தது. ஆணையம் உட்காரும், எழும், அறிக்கை தரும். அதுவரை காதலர்கள் தயவுசெய்து தாக்குப்பிடிக்கவும்.

எதற்கு இவ்வளவும் சொல்கிறேன் என்றால், ஒருவேளை நீங்களும் பிரஸ்கோவ்யாவும் மறுபடி பிறந்து தாம்பரம் பக்கம் வந்து பதிவுத் திருமணம் செய்ய நினைத்தால் நடைமுறை தெரிந்திருக்க வேண்டும் அல்லவா. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் 30 நாள் ஒட்டி வைப்பார்கள். உங்கள் பெயர், அவள் பெயர், வயது, விலாசம் எல்லாம் இருக்கும். தேடி வருகிறவர்கள் அலையக் கூடாது பாருங்கள். 30 நாளும் உயிரோடு கழிந்தால் கையெழுத்துப் போட மூன்று சாட்சிகள் வேண்டும்.

அந்த மூன்று பேரை எங்கள் அடுக்ககத்திலேயே பிடித்துத் தரலாம் என்று பார்த்தேன். உங்கள் கதையைக் கேட்டு மூக்கைச் சிந்தியவர்கள் மட்டும் ஒரு டஜன் தேறும். ஆதார் அட்டை நகலைக் கேட்டதும், அந்தத் தேதியில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் ஊரில் கும்பாபிஷேகம்.