சைஸ் 74, சீட் கிடையாது

உலகத்துக் குழந்தைகளை எனக்குச் சென்டிமீட்டரில்தான் தெரியும். 56, 62, 68, 74. ஐரோப்பியக் கடைகளில் குழந்தைத் துணிக்கு உயரந்தான் கணக்கு. ஆறு ஆறு சென்டிமீட்டராக ஏறும். திருப்பூரில் குழந்தைத் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகக் குப்பை கொட்டுகிறவனுக்கு, ஒன்பது மாசக் குழந்தை என்றால் சைஸ் 74, 180 ஜி.எஸ்.எம். இன்டர்லாக், தொடைக்கு நடுவே மூன்று பிரஸ் பட்டன். அது ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு சிரிக்கும் என்பதெல்லாம் எந்தப் பையர் அனுப்பும் டெக் பேக்கிலும் வராது.

எங்கள் வீட்டிலும் ஒரு சைஸ் 74 சேர்ந்தது. டெல்லியில் இருக்கும் மச்சான் வீட்டுக்கு அதை விமானத்தில் தூக்கிப் போவது என்று முடிவானதும், பிராம் இல்லாமல் வாசல்படி தாண்ட மாட்டேன் என்றாள் என் மனைவி. வாங்கினோம். மாமியார் அதை ஒரு சுற்று சுற்றி வந்து, மேல்மூடியை இழுத்துப் பார்த்து, பிரேக்கை மிதித்துப் பார்த்து, கடைசியில் கேட்டார்: “எல்லாஞ் செரிங் மாப்ள, இத எங்கீங் தள்றது?”

நியாயமான கேள்வி. எங்கள் வீதியில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய மேடு ஒன்று, மூடாத பள்ளம் ஒன்று. பெரிய ரோட்டுக்குப் போனால் நூல் மூட்டை ஏற்றிய டெம்போ ஒரு பக்கம், கட்டிங் பீஸ் மூட்டைக்கு மேல் ஆளும் உட்கார்ந்திருக்கும் டி.வி.எஸ். எக்ஸ்எல் மறுபக்கம். காதர்பேட்டையில் நடைபாதை இருந்திருக்க வேண்டிய இடத்தில் டி-ஷர்ட் குவியல். 2024-25இல் இந்த ஊர் அனுப்பிய பின்னலாடை ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு. ஐரோப்பாவில் பிராமில் சாய்ந்துகொண்டு பூங்காவுக்குப் போகும் குழந்தைகளில் பலருக்குக் குல்லா முதல் காலுறை வரை நம் கைவேலை. வண்டியைத் தள்ளத்தான் நம்மிடம் ஒரு முழம் சமதரை இல்லை.

அந்தச் சமதரை எங்கே இருக்கிறது என்று கோவை விமான நிலையத்துக்குள் நுழைந்ததும் தெரிந்தது. அவிநாசி, கருமத்தம்பட்டி, நீலாம்பூர் வழியாக டாக்ஸியில் மடிந்து கிடந்த பிராம், பீளமேட்டுப் பளிங்குத் தரையைத் தொட்டதும் ஒற்றை விரலில் ஓடியது. குழந்தைதான் அதில் உட்காரவில்லை. வைத்தால் உடம்பை வில்லாக வளைத்தது. ஆகவே குழந்தை என் தோளில். பிராமில் டயப்பர் பை, வெந்நீர் பிளாஸ்க், மாமியார் கட்டிக்கொடுத்த தேங்காய்ப் பன், மனைவியின் கைப்பை. சுற்றிலும் பார்த்தால் பிராம் வைத்திருந்த குடும்பம் ஒவ்வொன்றிலும் இதே ஏற்பாடு. குழந்தையைத் தவிர மற்ற எல்லாம் அந்த வண்டியில் சௌகரியமாகப் போய்க்கொண்டிருந்தன.

பிராமின் பூர்வீகமே பெரிய இடம். 1733இல் டெவன்ஷயர் பிரபு தம் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் ஒரு குட்டி வண்டி செய்யச் சொன்னார், இழுப்பதற்கு ஆடு. (எங்கள் பக்கம் ஆட்டுக்குப் பஞ்சமில்லை, காங்கேயத்து மாடே இருக்கிறது. மனைவியிடம் சொன்னேன். பதில் வரவில்லை.) இன்றைக்குக் குடை மாதிரி மடங்குகிற பிராமைக் கண்டுபிடித்தவர் ஓவன் மெக்லாரன். இரண்டாம் உலகப்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மடங்கும் சக்கரக்காலில் வேலை பார்த்த பொறியாளர். விமானத்தில் வந்த மகள், பேரக்குழந்தையோடு அந்தக் காலத்துக் கனத்த பிராமையும் சுமந்து அல்லாடியதைக் கேட்டு, விமானத்துக்கு ஆகும் அலுமினியக் குழாயையே வைத்து 1965இல் இதை வடிவமைத்தாராம். மகள் புலம்பினால் அப்பன் என்னவெல்லாம் செய்வான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் மெக்லாரனுக்குச் சக்கரத்தை மடக்கத் தெரிந்த அளவு எனக்குத் தெரியவில்லை. விமானத்தின் கதவு வரைக்கும் பிராமைத் தள்ளிப் போகலாம், அங்கே டேக் கட்டி வாங்கிக்கொள்வார்கள் என்று கவுன்டரில் சொல்லியிருந்தார்கள். கதவுக்குப் போனதும் மடக்கிக் கொடுக்க வேண்டும். சிவப்புப் பொத்தானை அமுக்கி, கைப்பிடியைத் திருகி, காலால் ஏதோ ஒன்றை மிதிக்க வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில். ஒரு கையில் குழந்தை. பின்னால் நூற்றிச் சொச்சம் பேர். பணியில் இருந்த இருபது வயதுப் பெண் “குடுங்க சார்” என்று வாங்கி, ஷூ நுனியால் எதையோ தட்டினாள். வண்டி நாய்க்குட்டி போலச் சுருண்டு அவள் காலடியில் படுத்துக்கொண்டது.

அதற்கு முந்தின கூத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பாதுகாப்புச் சோதனை. பிராமை எக்ஸ்ரே மெஷினில் விட வேண்டும், குழந்தையைக் கையில் எடுத்துக்கொண்டு நாம் போக வேண்டும். காவலர் உலோகம் தேடும் கைக்கருவியைக் குழந்தையின் இடுப்பருகே கொண்டுபோனார்; அது கீச்சென்றது. வெள்ளி அரணாக்கொடி. காலருகே கொண்டுபோனார், தண்டை. கையில் வசம்பு வளையல், அது மட்டும் சத்தம் போடவில்லை. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டைப் பார்த்து அவர் லேசாகச் சிரித்தார். பிறகு தொடை நடுவே மறுபடியும் கீச். பிரஸ் பட்டன்.

எனக்குத் தொழில்ரீதியாகச் சுருக்கென்றது. எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் குழந்தைத் துணி ஒன்றுகூட நீடில் டிடெக்டருக்குள் போகாமல் பெட்டிக்குப் போகாது. தையல் ஊசி உடைந்து அதன் முனை துணிக்குள் மாட்டியிருந்தால் பிடிக்கிற மெஷின் அது. ஒரு மில்லிமீட்டர் இரும்பு உருண்டை பதித்த அட்டையை உள்ளே விட்டு, மெஷின் விழித்திருக்கிறதா என்று அடிக்கடி பார்த்து எழுதி வைப்போம். அந்த மெஷினிடம் தப்பிப்பதற்காகவே பட்டன் பித்தளையில், அதுவும் நிக்கல் கலக்காததாக, தேடிப்பிடித்து வாங்குகிறோம். அதற்கு இரும்புதான் பகை; விமான நிலையக் கருவிக்கு எந்த உலோகமும் பகை. “இது பாஸ் ஆன பட்டன் சார்” என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி முழங்கையால் இடித்தாள்.

உள்ளே போனால், சைஸ் 74க்குச் சீட் கிடையாது. இரண்டு வயது வரை மடிதான். கைப்பை ஏழு கிலோவுக்கு மேல் போனால் தராசைக் காட்டுகிறவர்கள், எட்டரைக் கிலோவில் கத்திக்கொண்டிருக்கும் சாமானை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி, என் பெல்ட்டில் கோக்கிற மாதிரி ஒரு குட்டி பெல்ட்டும் கொடுத்தார்கள். எங்களுக்கு ஒரு சீட் தள்ளி உட்கார வந்த இன்னொரு கைக்குழந்தைக்காரரை வேறு வரிசைக்கு மாற்றினார்கள். காரணம் கேட்டேன்: மூன்று சீட்டுக்கு மேலே ஆக்ஸிஜன் முகமூடி நான்குதான் தொங்கும், ஆகவே ஒரு பக்கத்து வரிசைக்கு ஒரு மடிக்குழந்தைதான். இதுவரை குறட்டை விட்டுக்கொண்டே பறந்தவனுக்கு இப்படியொரு கணக்கு தலைக்கு மேலே இருப்பது தெரியவே தெரியாது.

காது விஷயம் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி மலையில் இருக்கும் அளவுக்குத்தான் வைப்பார்கள். அதாவது குன்னூரிலிருந்து ஊட்டி தாண்டிக் கொஞ்சம் மேலே. இறங்கும்போது கல்லாறு வளைவில் காது அடைப்பது இங்கேயும் அடைக்கும். நாம் எச்சில் விழுங்குவோம், கொட்டாவி விடுவோம். குழந்தைக்கு அது சொல்லித் தெரியாது; அதனால் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுக்க வேண்டும். ஏறும்போது கொடுத்தாயிற்று. பிரச்சினை என்னவென்றால், ஊட்டி உயரத்தில் காதுக்குள் இருக்கும் காற்று மட்டும் விரிவதில்லை; வயிற்றுக்குள் இருக்கும் காற்றும் விரியும். நாக்பூருக்கு மேலேயோ எங்கேயோ, அது தன் வேலையைக் காட்டியது.

மனைவி அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். நான் தூக்கிக்கொண்டு போனேன்.

விமானக் கழிவறையில் சுவரோடு மடித்துவைத்த ஒரு பலகை உண்டு. இறக்கினால் குழந்தையைப் படுக்கவைக்கலாம். பிறகு நமக்கு நிற்க இடமிருக்காது. சேதம் முதுகு வரை ஏறியிருந்தது. பாடிசூட்டைத் தலை வழியாகக் கழற்றினால் தலைமுடிவரை அபிஷேகம். அந்த நொடியில்தான், பல சீசன்களாக நான் ‘அப்ரூவ்டு’ போட்டு அனுப்பிவந்த என்வலப் நெக் எதற்கென்று கண்ணுக்கு முன்னால் விளங்கிற்று. தோளில் துணி ஒன்றின்மேல் ஒன்று மடிந்திருக்கிறதே, அதை அகட்டிவிட்டுக் கீழ்நோக்கி இழுத்தால் தோள், இடுப்பு, கால் வழியாக உடுப்பு முழுவதும் இறங்கிவிடுகிறது. தலைக்கு ஆபத்தில்லை. அதை முதலில் யோசித்த புண்ணியவதி யாராக இருந்தாலும், அந்தச் சிறிய அறையிலிருந்து ஒரு கும்பிடு போட்டேன்.

மாற்று உடுப்பு எங்கள் கம்பெனியின் இன்னொரு ஸ்டைல். கழுத்திலிருந்து ஒரு கால் வழியாக இறங்கி மறு கால் வழியாக ஏறும் பட்டன் வரிசை. மேசையில் விரித்துவைத்துப் பார்க்கையில் கண்ணுக்கு அவ்வளவு அழகு. காற்றில் விமானம் குலுங்க, பெல்ட் விளக்கு எரிய, கால்களைச் சைக்கிள் மிதிக்கிற குழந்தைக்கு மாட்டிப் பார்க்கிறபோது, கடைசியில் ஒரு பக்கம் ஒரு பட்டன் மிச்சம் நின்றது. அவிழ்த்தேன். இந்த முறை மறுபக்கம் மிச்சம். பட்டன் பிய்ந்து குழந்தை வாய்க்குப் போகக்கூடாது என்று இழுவைச் சோதனை வைக்கிறோம், அது முறைதான். ஆனால் அந்தச் சோதனையில் பட்டனைக் கருவியின் பிடியில் மாட்டித்தான் இழுத்துப் பார்க்கிறோம். ஓர் அப்பனைக் கழிவறைக்குள் விட்டு வெளியே நான்கு பேரைக் கதவு தட்டச் சொல்லியும் ஒரு சோதனை வேண்டும்.

வெளியே முதலில் நின்றவர் ஒரு பெரியம்மா. கோபப்படுவார் என்று நினைத்தேன். கோணல்மாணலாகப் பட்டன் போட்டிருந்த குழந்தையைப் பார்த்து, “ஏஞ்சாமி, உங்கொப்பனா மாட்டியுட்டான்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

டெல்லியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மச்சான் வீட்டுக் குடியிருப்பில் பிராம் தள்ள அருமையான பாதை இருந்தது. குழந்தையை வைத்ததும் தூங்கிவிட்டது. கோவை திரும்புகிற அன்றைக்கும், போனபோது வளைந்த அதே உடம்பு பிராமுக்குள் ராஜா மாதிரி சாய்ந்துகொண்டு வந்தது.

பீளமேட்டில் டாக்ஸியின் டிக்கியைத் திறந்தால் முக்கால்வாசியும் சி.என்.ஜி. சிலிண்டர். மிச்ச இடத்துக்குப் பெட்டி போயிற்று. நான் பிராமை ஷூ நுனியால் இங்கே தட்டினேன், அங்கே தட்டினேன். டிரைவர் தம்பி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவனே மடக்கி, கயிறு எடுத்து, காரின் கூரைமேல் வைத்துக் கட்டினான். கருமத்தம்பட்டி தாண்டும்போது கேட்டான்.

“அண்ணா, அது என்ன வெலைங்?”

சொன்னேன்.

கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினான். “இன்னுங் கொஞ்சம் போட்டா பழைய எக்ஸ்எல் ஒண்ணு வாங்கியிருக்கலாமுங். முன்னாடி பாப்பாவ நிக்க வெச்சு, பின்னாடி நாலு மூட்டையும் போடலாம்.”