மார்கழிக் காலையில் ஹெரால்டு இருமினால்: காங்கேயத்துக்காரருக்கு ஒரு வழிகாட்டி

முதலில் வண்டியின் குலப்பெருமையைச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. சென்னை ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961-இல் விடத் தொடங்கிய வண்டி. இதை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கிறவரிடம், இதன் சேஸியைக் குட்டையாக்கித்தான் 1962-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயரே செய்தார்கள், இரண்டையும் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற ஒரே இத்தாலிக்காரர் என்று எடுத்துவிடுங்கள். எஞ்சின் 948 சிசி என்பதை, கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

இனி சத்தம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை விடிகாலையில் சோக்கை இழுத்துக் கிளப்பும்போது முதல் மூன்று நொடிதான் முக்கியம். அந்த மூன்று நொடியும் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். இது கஷ்டம், ஏனென்றால் கூட்டம் கூடிவிடும். ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்பக்கமாகக் கவிழும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். இப்படி வாயைப் பிளந்து நிற்கும் வண்டியைப் பார்த்துவிட்டு நிற்காமல் போகிறவர் தாராபுரம் ரோட்டில் கிடையாது.

எண்ணெய் மில் வைத்திருக்கும் மாமா முதலில் வருவார். "ஆயிலு ஒறஞ்சிருக்குமுங்க மாப்ள, களத்துல வெயில்ல நிறுத்துங்க, சரியாயிரும்." அவர் தேங்காய் எண்ணெயை நினைத்துச் சொல்கிறார். அது 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். மார்கழியில் டின்னோடு கட்டியாகிவிடும். எஞ்சினில் ஊற்றிய 20டபிள்யூ-50 ஆயில் கொஞ்சம் தடிக்குமே தவிர உறையாது. அவர் பேச்சைக் கேட்டுக் கொப்பரைக் களத்தில் பத்து மணிவரை நிறுத்தினால் சத்தம் போய்விடும்தான். சாட்சியும் அதோடு போய்விடும். ரைஸ் மில்காரருக்கு உலகத்தில் எந்தச் சத்தமும் பேரிங்தான். காளை வளர்ப்பவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "சுழி பார்த்து வாங்கியிருக்கோணுமுங்க" என்பார். மூவருக்கும் காபி கொடுத்து அனுப்புங்கள்.

கீச்சென்று கத்தினால் ஃபேன் பெல்ட். ஓடும்போது பெல்ட்மேல் ஒரு கை தண்ணீரைத் தெளியுங்கள். சத்தம் மாறினால் அதுதான். கை மட்டும் தள்ளியே இருக்கட்டும்.

டிக் டிக் என்று அடித்து, சூடேற ஏறக் குறைந்தால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் புகை கசிகிறது. இரும்பு சூட்டில் விரிந்து இடுக்கை அடைப்பதால்தான் பிறகு அடங்குகிறது. காதால் கண்டுபிடிக்கத் தோப்பில் சொட்டுநீருக்குப் போட்ட குழாயில் ஒரு முழம் வெட்டுங்கள். ஒரு முனை காதில், மறுமுனை மேனிஃபோல்டு ஓரமாக. காசில்லாத ஸ்டெதாஸ்கோப். டிக் சூடான பிறகும் நிற்கவில்லையா, டாப்பெட்டைப் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இடைவெளி பத்து தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு. என் கட்சி என்னவென்றால், பிக் எண்டு (கனெக்டிங் ராடின் கிராங்க் பக்கத்துப் பேரிங்) போய்விட்டது என்று தூக்கம் கெட்டு அலைகிறவர்களில் பாதிப்பேருக்கு இந்தக் கேஸ்கெட் விவகாரம்தான்.

மீதிப் பாதிக்கு, கடகடவென்று அடிவயிற்றிலிருந்து வரும். ஃபில்டரில் நிற்க வேண்டிய ஆயில் இரவில் கீழே வடிந்துவிட்டால், காலையில் அது மறுபடி ஏறும்வரை பேரிங்குகள் காய்ந்து அடித்துக்கொள்ளும். சோதிப்பது சுலபம். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை செல்ஃப் அடியுங்கள். பிறகு ஒயரை மாட்டிக் கிளப்புங்கள். சத்தமே இல்லையென்றால், ஆயில் திரும்பி வடியாதபடி உள்ளே வால்வு வைத்த ஃபில்டரை வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். அப்போதும் கடகடத்தால், எஞ்சினை ஓடவிட்டு பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். கைக்கு ரப்பர் உறை அவசியம். எந்த சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் தணிகிறதோ அதன் பிக் எண்டுதான் குற்றவாளி.

இன்னொரு சோதனைக்கு மச்சினன் வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு அவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் குனிந்து கிராங்க் புல்லியைப் பாருங்கள். மிதிக்கும்போதெல்லாம் அது கண்ணுக்குத் தெரிய முன்னே வந்து போனால், உள்ளே இருக்கும் பிறைநிலா வடிவத் திரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன. இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அவை கழன்று ஆயில் சம்ப்பில் விழுந்தால் கிராங்க் பிளாக்கையே அரைக்கத் தொடங்கும்.

சிவன்மலை முருகன் கோயிலில், பக்தர் கனவில் ஆண்டவன் கேட்ட பொருளை வைக்கும் உத்தரவுப் பெட்டியில் என்றைக்காவது ஸ்பானர் வைக்கச் சொல்லி யாருக்காவது கனவு வரும், அதுவரை பொறுப்போம் என்பவர்களும் உண்டு. பக்தியில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் உத்தரவு உலகத்துக்கு வருவது, உங்கள் ஹெரால்டுக்கு மட்டும் வராது.

பேரிங்தான் என்று உறுதியானால், நல்ல செய்தி: எஞ்சினை இறக்க வேண்டாம், சம்ப்பைக் கழற்றினாலே பிக் எண்டு பேரிங்கை மாற்றிவிடலாம். கெட்ட செய்தி: பேரிங் செட் கிடைக்க வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையில் சொல்லிவையுங்கள். "நாளைக்கே அனுப்பறோம் சார்" என்பார்கள். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு மட்டும் பஸ்ஸிலேயே போய்க்கொள்ளுங்கள்.